ஆயுத பூசையில் நான் ஊற்றிய ஆயில்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் நாத்தனார் பெற்று வைத்துவிட்டுப் போனவர்கள். யார் எவர் வயிற்றுப் பிள்ளை என்று வெளியாள் யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அப்படித்தான் வளர்த்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போய்விடும். ஆனால் டிராக்டர் கிளட்ச் பிளேட்டுக்கு ரிவெட் அடிப்பதில் குடவாசல் சுற்று வட்டாரத்தில் என் கைக்கு இணையாக இன்னொரு கை இருந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இனி சொல்லப்போவதில் பெருமை ஒன்றும் இல்லை. எங்கள் டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பிட்டர் மேல் நான் ஒரு பழி போட்டேன். என் வீட்டுக்காரருடைய காரின் கியர் பாக்ஸை அவர்தான் கெடுத்தார் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் மறுநாளே வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். முப்பது வருஷம் சொன்னேன். போன வருஷம் அந்தக் கியர் பாக்ஸை நானே திறக்க வேண்டி வந்தது. அந்தப் பழியைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் உட்காரும் கார் இல்லை அது. இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது, துணிக்கூடு ஒன்று மடித்து வைத்திருக்கும். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. தரையோடு தரையாக இருக்கும். எருமை குறுக்கே வந்தால் உள்ளே இருப்பவர் கண்ணுக்கு அதன் வயிறுதான் தெரியும். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். கார் வைக்கோல் போர் ஓரத்தில் கிடந்தது. அவருடைய டிராக்டர்களைப் பழுது பார்த்தவர் என் வீட்டுக்காரர். ஓட வைத்தால் நீயே எடுத்துக்கொள் என்று பண்ணைக்காரர் சொன்னார். இவர் ஓட வைத்தார். இவர் என்று எழுதிவிட்டேன். ஓட வைத்தது பிட்டர்தான். இவர் பக்கத்தில் நின்று பீடி குடித்தார்.

ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டு சீட்டுக் கார். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். கோயிலுக்குப் போகலாம் வா என்பார். நாம் இரண்டு பேரும் போனால் இந்த ஐந்தையும் யார் பார்ப்பது என்பேன். சரி என்று தனியாகக் கிளம்பிவிடுவார். ஆற்றங்கரைச் சாலையில் அந்தக் கார் போகிற சத்தம் இரண்டு ஊருக்குக் கேட்கும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. என் மாமியார் காலத்திலிருந்து வருவது. ஆயுத பூசைக்கு முதல் நாளே எல்லா இயந்திரத்திலும் பழைய ஆயிலை வடித்துவிடுவார்கள். பூசை அன்று சந்தனம் குங்குமம் வைத்த பிறகு, வீட்டுப் பெண் செம்பில் புது ஆயிலை எடுத்துத் தன் கையால் ஒவ்வொன்றுக்கும் ஊற்ற வேண்டும். பட்டறைக்கு ஒரு பீப்பாய், ஒரு செம்பு. பீப்பாயில் இருப்பது டிராக்டர் கியர் ஆயில். தேனைப்போல் கெட்டியாக இறங்கும். கையில் பட்டால் சாமானியத்தில் போகாது, அதன் வாடை இரண்டு நாள் சோற்றில் அடிக்கும். மாமியாருக்குப் பிறகு நான்தான் ஊற்றினேன். டிராக்டருக்கு ஊற்றினேன், லேத்துக்கு ஊற்றினேன், காருக்கும் ஊற்றினேன்.

பிட்டர் முதல் வருஷமே சொன்னார், காருக்கு மட்டும் அது வேண்டாம், எஞ்சின் ஆயில் போதும், தனியாக டின் வைத்திருக்கிறேன் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் டின்னில் இருந்தது தண்ணீராக ஓடியது. சேற்றில் கலப்பை இழுக்கிற டிராக்டரின் பல்லுக்கே தாங்குகிற ஆயில் இந்தப் பொம்மைக் காரின் பல்லுக்குத் தாங்காதா என்று நினைத்தேன். கெட்டியாக இருந்தால்தான் பல் தேயாது என்பது எங்கள் பட்டறையில் எல்லோரும் அறிந்தது. தவிர, பூசையில் எதை ஊற்றுவது என்று ஒரு வேலையாள் எனக்குச் சொல்வதா என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

ஒரு வருஷம் பூசை முடிந்த நாலாம் நாள் பட்டறைக்குப் போனேன். பிட்டர் காருக்கு அடியில் படுத்திருந்தார். நான் ஊற்றிய ஆயிலைத் தட்டில் வடித்துவிட்டு, தன் டின்னிலிருந்து தண்ணீர் ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூசை ஆயிலைத் தொட உனக்கு என்ன உரிமை என்று கேட்டேன். இனி இந்தக் காரின் ஆயில் மூடியில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் சரிக்கா என்றார். அதன் பிறகு தொடவில்லை.

மூன்று வருஷம் போனது. கார் இரண்டாவது கியர் விழும்போது கரகர என்று கத்த ஆரம்பித்தது. பிறகு மூன்றாவதும் கத்தியது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இனி இது வேலைக்கு ஆகாது என்றார். அங்கே லேத்துக்காரர் இருந்தார், டிராக்டர் கொண்டுவந்த இரண்டு விவசாயிகள் இருந்தார்கள், டீ கொண்டுவந்தவர் இருந்தார். நான் பிட்டரைப் பார்த்துச் சொன்னேன்: "தண்ணி மாதிரி ஆயில ஊத்திக் கெடுத்தது நீதான். ஆயில் எதுன்னு தெரியாதவனுக்கு எதுக்கு ஸ்பானர்?"

இந்தச் சொல் மாறாமல் அப்படியே நினைவில் இருக்கிறது. பிட்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் போய்க் கை கழுவினார்.

கார் கொட்டகைக்குள் போனது. வருஷா வருஷம் அதற்குச் சந்தனம் குங்குமம் மட்டும் வைத்தோம், ஆயில் ஊற்றவில்லை. என் வீட்டுக்காரர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பட்டறையை இப்போது என் இரண்டாவது மகன் பார்க்கிறான்.

போன ஆடியில் அவன் சக்கரத்துக்குப் பதில் செயின் வைத்த அறுவடை இயந்திரம் ஒன்று வாங்கினான். ஐப்பசி மழைக்கு முன்னால் அதைக் கூரைக்குள் விட்டாக வேண்டும். கொட்டகையில் கார் நிற்கிறது.

"ஏம்மா, அந்த டப்பாவை யாராவது காயலான்காரன் வந்தா குடுத்துடவா?" என்று கேட்டான்.

"ஓடுற வண்டிய டப்பான்னு சொல்ல மாட்டாங்கடா."

"ஓடுனா நான் ஏன் சொல்றேன்?"

ஆயுத பூசைக்குள் ஓட வைத்துக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் உன் இஷ்டம் என்று சொன்னேன். வாய் கொடுத்துவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு. எனக்கு இரண்டரை மாதம்.

எஞ்சினை நம் பட்டறை ஆட்களே ஒரு வாரத்தில் கிளப்பிவிட்டார்கள். கியர் பாக்ஸில்தான் உயிரை எடுத்தது. கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்தார், பழைய கார்களில் கைதேர்ந்தவர் என்று சொன்னார்கள். இரண்டு நாள் அடியில் படுத்துக் கிடந்தார். கியர் பாக்ஸைக் கீழே இறக்க முடியவில்லை, குறுக்கே சட்டம் இருக்கிறது, சட்டத்தை அறுக்கலாமா என்று கேட்டார். அறுத்தால் உன் கையை அறுப்பேன் என்று சொல்லவில்லை, மனதுக்குள் நினைத்தேன். அடுத்து தஞ்சாவூரிலிருந்து ஒருவர், சட்டையில் கம்பெனி பெயர் போட்டவர், ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தேடினார். எதைத் தேடுகிறீர்கள் என்றேன். இதைச் சொருகுகிற இடம் எங்கே என்று கேட்டார். இந்தக் கார் உங்கள் அப்பாவுக்கும் மூத்தது, சொருகவெல்லாம் இடம் கிடையாது என்று அனுப்பி வைத்தேன். மூன்றாவது எங்கள் பட்டறை டிராக்டர் மெக்கானிக். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கிவிடலாம் என்று செயின் பிளாக்கை மாட்டினான். கொட்டகை உத்திரம் ஒரு சத்தம் போட்டது. அதோடு நிறுத்திவிட்டோம். ஆடி போய் ஆவணியும் பாதி போய்விட்டது.

அன்று சாயங்காலம் நானே கொட்டகைக்குப் போய் நின்றேன். பிட்டர் இந்தக் கியர் பாக்ஸைக் கழற்றியதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர் அடியில் படுத்து இதைச் செய்யவில்லை. சீட்டு இரண்டையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நடுவில் மேடாக இருக்கும் தகரத்தைக் கழற்றி, காருக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். கியர் பாக்ஸ் கதவு வழியாகத்தான் வெளியே வந்தது. அது நினைவு வந்ததும் மூன்று பேரிடமும் சொல்லாமல் இருந்த என் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நினைவு வராததற்குக் காரணம் உண்டு. அந்த ஆளை நினைக்கவே நான் விரும்பியதில்லை.

மறுநாள் காலையில் சீட்டைக் கழற்றச் சொன்னேன். தகரத்தில் பதினாறு போல்ட். எட்டு கழன்றது, எட்டு துருப்பிடித்து உடைந்தது. அதுவே மூன்று நாள் வேலை. பிறகு, எதையும் தூக்குவதற்கு முன்னால் ஆயிலை வடிக்க வேண்டும் அல்லவா. அடியில் தட்டை வைத்து மூடியைத் திறக்கச் சொன்னேன்.

ஆயில் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வருவதுபோல் ஒரு கருப்புத் திரி இறங்கியது. வெல்லப்பாகு கருகியதுபோல் கெட்டி. வாடை மூக்கில் ஏறியது. அது எங்கள் பீப்பாய் ஆயில். முப்பது வருஷம் கழித்தும் அந்த வாடை எனக்குத் தெரியாமல் போகுமா.

நான் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஆயில் எங்கே? அவர் ஊற்றியது ஒரு தடவை. அதை அடுத்த பூசைக்கு வடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வருஷமும் ஊற்றியது நான். இதைக் கணக்குப் போட ஒரு குழந்தைக்குத் தெரியும். நான் போடவில்லை.

காரின் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் உண்டு. என் மூத்த பேத்தி வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அவளிடம் கொடுத்து, கியர் பாக்ஸுக்கு என்ன ஆயில் என்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "எஞ்சின் ஆயில்தான் அப்பாயி, வேற எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள். ஏன் கூடாது என்று கேட்டேன். போனில் எதையெதையோ படித்துவிட்டுச் சொன்னாள். டிராக்டர் ஆயிலில் கந்தகச் சத்து சேர்த்திருப்பார்களாம். இரும்புப் பல்லுக்கு அது நல்லது, பித்தளையை அது அரித்துவிடும். இந்தக் காரின் கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கியர் மாறும்போது சுற்றுகிற சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்த வளையம்தான். எங்கள் பட்டறைக்கு வந்த டிராக்டர் எதிலும் அந்த மாதிரி வளையமே இருந்ததில்லை. கியர் பாக்ஸ் என்றால் முழுக்க இரும்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பிட்டர் ஒருவரைத் தவிர.

அந்த ஆயிலில் கொஞ்சம் ஒரு மருந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். பிட்டர் தரங்கம்பாடியில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார் என்று லேத்துக்காரர் எப்போதோ சொன்னது தெரியும். மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ் மாறினேன். வழி முழுக்க அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று பேசிப் பார்த்தேன். எல்லாமே அசட்டுத்தனமாகப் பட்டது.

அவர் வீட்டோடு சேர்ந்த கீற்றுக் கொட்டகையில் ஒரு எஞ்சினின் மண்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாடி வெளுத்திருந்தது, தலையில் வெள்ளைத் தொப்பி. என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. உக்காருங்க."

பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி மூடினார்.

"டிராக்டர் ஆயிலு" என்றார்.

"அந்தக் கார்லேருந்து வடிச்சது. நான் ஊத்துனது."

"தெரியும்க்கா."

"என்னிக்குத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அண்ணனுக்கும் தெரியும்."

அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. பிட்டர் மெதுவாகச் சொன்னார். கியர் கத்த ஆரம்பித்தபோதே அவர் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அக்கா ஊற்றுகிற ஆயில் பித்தளையைத் தின்கிறது, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று. அதற்கு இவர், அவள் பூசையில் ஊற்றுகிறாள், சொன்னால் மனசு கஷ்டப்படும், விட்டுவிடு, காரே போனாலும் போகட்டும் என்றாராம்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ரிவெட் அடிக்கிற பெண்பிள்ளை நான். ஒரு ஆயில் தப்பு என்று சொன்னால் தாங்க மாட்டேனா? இரண்டு ஆண்பிள்ளைகள் கூடி என்னைச் சின்னக் குழந்தையாக்கி வைத்திருக்கிறார்கள். நான் அது தெரியாமல் முப்பது வருஷம் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"நாலு பேர் முன்னாடி நான் சொன்னப்பவாவது நீ வாயத் திறந்திருக்கலாம்ல தம்பி?"

"அண்ணன் அங்கனதானேக்கா நின்னாரு. அவரு சொல்வாருன்னு பாத்தேன். கைய கழுவிக்கிட்டே இருந்தாரு."

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். என்னை அன்றுதான் முதல் முறை பார்க்கிறார். பார்த்த பார்வையிலேயே நான் யார் என்று தெரிந்துகொண்டார்.

"இப்பதான் தரங்கம்பாடிக்கு வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்றார். "ஆயில் தெரியாத பிட்டருன்னு பேரு வாங்கிக் குடுத்தீங்க. கும்பகோணத்துல எந்தப் பட்டறையிலயும் சேத்துக்கல. ரெண்டு வருசம் அலைஞ்சாரு. கடல்காரவுங்களுக்கு அந்தப் பேச்சு எட்டல, அதனால பொழச்சோம்."

அவர் மனைவியைச் சும்மா இரு என்பதுபோல் பார்த்தார். நான்தான் பேசட்டும் விடு என்றேன். டீயைக் குடித்தேன். சர்க்கரை போடாத டீ. மறந்ததா, வேண்டுமென்றா, தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் சொன்னதைச் சொன்ன இடத்திலேயே திருப்பிச் சொல்கிறேன், அதற்கு நீ வர வேண்டும் என்றேன். அதெல்லாம் வேண்டாம்க்கா என்றார். காரை மட்டும் வந்து பார்க்கிறேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் படத்துக்கு விளக்கு ஏற்றவில்லை. மருமகள் ஏற்றப் போனாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் இருட்டில் இருந்தார்.

பிட்டர் சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் வந்தார். எங்கள் பட்டறையில் இல்லாத ஸ்பானர் இல்லை, இருந்தும் தன் பையோடுதான் வந்தார். முதல் நாளே கியர் பாக்ஸ் கதவு வழியாக வெளியே வந்துவிட்டது. இரண்டு பலகை, ஒரு கயிறு, மூன்று ஆட்கள். நாங்கள் ஒரு மாதம் முட்டிக்கொண்டதை அவர் ஒரு மத்தியானத்தில் முடித்தார். எனக்கு அதிலும் ஆத்திரம்தான்.

பிரித்துப் பார்த்தால் வளையம் மூன்றும் செம்பு நிறமாகி, புழு அரித்த கட்டைபோல் இருந்தது. விரலால் தடவினால் உள்பக்கத்து வரிகளே இல்லை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பேத்தி படம் எடுத்து துபாயில் இருக்கும் என் மூத்த மகனுக்கு அனுப்பினாள். அவன் சீமையிலிருந்து வளையங்களை வரவழைத்தான். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. வந்தபோது இரண்டு சரியாக உட்கார்ந்தது, இரண்டாவது கியருக்கானது உட்காரவில்லை. அதே காரிலேயே முன்னால் செய்தது பின்னால் செய்தது என்று இரண்டு வகை உண்டாம், படத்தைப் பார்த்து மாற்றி அனுப்பிவிட்டார்கள். திரும்ப வரவழைக்க நாள் இல்லை. பிட்டர் பழையதையே அரம் போட்டு, முடிந்தவரை சீர் செய்து மாட்டினார்.

மாட்டுவதிலும் ஒரு சனியன் இருந்தது. வளையத்துக்கு நடுவே இருக்கும் சக்கரத்தில் மூன்று ஸ்பிரிங், மூன்று இரும்புக் குண்டு. மிளகு கொஞ்சம் பருத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் ஒவ்வொரு குண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் விரலால் அமுக்கிக்கொண்டே மேல் வளையத்தை இறக்க வேண்டும். ஒரு விரல் நழுவினால் மூன்றும் மூன்று திசையில் பறக்கும். பறந்தது. கொட்டகைத் தரை முழுக்க வைக்கோல் தூசு. காந்தத்தைக் கயிற்றில் கட்டி நாங்கள் எல்லோரும் தரையைத் துழாவினோம். இரண்டு குண்டு கிடைத்தது. மூன்றாவது அன்று கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் ஒரு பழைய பேரிங்கை உடைத்து, அதே அளவு குண்டு கொண்டுவந்தார். இந்தத் தடவை சக்கரத்தை ஒரு வேட்டித் துணிக்குள் வைத்து மாட்டினார். பறந்தாலும் துணிக்குள்ளேயே இருக்கும். இதை முதல் வாரமே செய்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எங்கேருந்துக்கா யோசனை வரும்?" என்றார்.

முப்பது வருஷம் கழித்து அவர் என்னிடம் சொன்ன முதல் குத்தல் அது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கிளட்ச் பிளேட்டுக்கு நான்தான் ரிவெட் அடித்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, இரண்டு ரிவெட் கோணி, உடைத்துத் திரும்ப அடித்தேன். அவர் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மாட்டினார். என் கையில் குறை இருந்தால் சொல்லிவிடு, உள்ளே வைத்துக்கொள்ளாதே என்றேன். குறை இருந்தால் சொல்வேன்க்கா, இனிமே சொல்வேன் என்றார்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கார் தானாகக் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. மகன்தான் ஓட்டினான். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது கரக் என்றது. மூன்றாவது, நாலாவது வெண்ணெயாக விழுந்தது. இரண்டாவதுக்கு மட்டும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும் என்று பிட்டர் சொன்னார். மகனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு தடவையும் கரக் என்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பல் கூசுகிறது. இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றியது. ஆனால் ஓடியது. அறுவடை இயந்திரம் கொட்டகைக்குள் போனது, கார் வீட்டு முகப்பில் நின்றது. மகன் டப்பா என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பூசை அன்று பிட்டரை வரச் சொல்லியிருந்தேன். கையில் தன் ஆயில் டின்னோடு வந்து வாசல் பக்கம் நின்றார். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் தயார். செம்பை எடுத்து அவரிடம் நீட்டி, இந்த வருஷம் காருக்கு நீயே ஊற்று என்றேன். அவர் வாங்கவில்லை.

"வழக்கத்த மாத்தாதீங்கக்கா. நீங்களே ஊத்துங்க. இந்த டின்லேருந்து எடுத்து ஊத்துங்க."

தண்ணீர் ஆயிலை நான் ஊற்றினேன். ஊற்றிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். இந்தக் காரின் கியர் பாக்ஸைக் கெடுத்தது இந்தப் பிட்டர் இல்லை, நான்தான், என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும், இவர் மேல் நான் சொன்னது பொய்ப் பழி என்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

பட்டறையில் இப்போது வேலை செய்பவர்கள் நான் அந்தப் பழியைப் போட்டபோது பிறக்கவே இல்லை. அவர்கள் சுண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று இருந்தவர்களில் மீதி இருப்பது லேத்துக்காரர் ஒருவர்தான். விவசாயிகள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், டீ கொண்டுவந்தவர் எங்கே என்று தெரியாது. லேத்துக்காரரும் காதில் கை வைத்துக்கொண்டு, "எந்தப் பிட்டரு? என்ன பழி?" என்று கேட்டார். நான் திரும்பச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா என்றார். மகன், "அம்மா, நல்ல நேரம் போவுது, தீபாராதனை காட்டலாம்" என்றான்.

பிட்டர் என் பக்கத்தில் வந்து, "போதும்க்கா, விடுங்க" என்றார்.

விடுங்க என்ற சொல்தான் எனக்கு ஆகாது. விட்டதால்தான் இத்தனையும். நான் அன்று கோபத்தில் சொன்ன ஒரு சொல் குடவாசலிலிருந்து கும்பகோணம் வரைக்கும் தானாக நடந்து போய், ஒரு மனிதன் நுழைந்த பட்டறையெல்லாம் கதவைச் சாத்தியது. இன்று நான் நிதானமாக, எல்லோர் முன்னாலும் சொன்னது பட்டறை வாசலைக் கூடத் தாண்டவில்லை. அவர் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மனைவிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். வாங்கிக்கொள்வாளா என்று கேட்டேன். சொல்ல முடியாதுக்கா என்று சிரித்தார்.

வாயால் சொன்னது போகாவிட்டால் எழுத்தாவது போகட்டும் என்று அதற்கு மறுநாள் நோட்டை எடுத்தேன். மாசி பிறந்துவிட்டது, இப்போதுதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். இது புத்தகமாக வருமா, யார் படிப்பார்கள் என்று தெரியாது. கும்பகோணத்தில் பட்டறை வைத்திருக்கும் யாராவது ஒருவர் படித்தால் போதும். அவருடைய மனைவி படித்தால் இன்னும் நல்லது.

எழுத்தில் கொம்பும் காலும் எங்கெங்கே விட்டுப்போனதோ. பேத்தி சாப்பிட்டுவிட்டு மறுபடி லேப்டாப் முன்னால் உட்காரப் போகிறாள். அவளைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுக்கிறேன். அம்மாடி, கொஞ்சம் உட்கார். முதல் வரியிலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். ஆனால் நான் அவரை என்ன சொல்லித் திட்டினேனோ அந்த இடத்தை மென்று முழுங்காமல், நான் எழுதியிருப்பது போலவே வாசி. சரியாக எழுதியிருக்கிறேனா என்று நான் கேட்க வேண்டும்.